மூன்றாவது கேள்வி

எங்கள் நாற்றுப் பண்ணையில் ஒரு செடி வாங்குவதைவிட ஒரு வேலை வாங்கிவிடலாம். அக்கா இருக்கும்வரை அப்படித்தான். பிடித்த செடியைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்கு நடக்க யாரையும் விடமாட்டாள். வழியை மறித்துக்கொண்டு நின்று மூன்று கேள்வி கேட்பாள்.

"எந்தப் பக்கத்து வெயில் விழும்?"

"யாரு தண்ணி ஊத்துவா?"

"அடுத்த வருஷமும் இதே வீட்டுலதான் இருப்பீங்களா?"

மூன்றாவது கேள்வியில்தான் முக்கால்வாசிப் பேருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். ஒரு அம்மாள், "நான் செடி வாங்க வந்தேனா, பாஸ்போர்ட் வாங்க வந்தேனா?" என்று தொட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் அவரே திரும்பி வந்து மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு எடுத்துப் போனார். பண்ணையில் எல்லோரும் அவளை 'மூணு கேள்வி அக்கா' என்போம். அவள் முகத்துக்கு நேரே சொன்னால் வெறும் அக்கா.

நான் அங்கே வண்டி ஓட்டுகிறவன். செடியையும் மண் மூட்டையையும் வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. வாய் ஓயாது என்பதால் எனக்கு ஹாரன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பதினெட்டு வருஷமாக அதுதான் பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அந்த மூன்றாவது கேள்விக்கு ஒரு நியாயம் உண்டு. ஜீனியா, காஸ்மாஸ் மாதிரிச் செடிகள் ஒரே ஒரு கோடைக்கானவை. விதைத்து ஐம்பது அறுபது நாளில் பூத்துக் குலுங்கும், குளிர் வந்ததும் போய்ச் சேர்ந்துவிடும். இன்னொரு வகை வருஷா வருஷம் தானாக வருவது. பண்ணையில் அதை நிலைச்செடி என்போம். வெயில், பனி எதற்கும் அசராது. குளிர்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்து செத்தது போலக் கிடக்கும், அடியில் வேர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும். ஆனால் நாற்றாக வாங்கி நட்ட முதல் கோடையில் அதனிடம் பூவை எதிர்பார்க்கக் கூடாது. வேர் பிடிக்கவே அதற்கு ஒரு வருஷம் ஆகும். பூ அடுத்த கோடையில்தான். அதனால்தான் அக்கா கேட்பாள். வீடு மாற்றப் போகிறவர்கள் நிலைச்செடியை நட்டுவிட்டு, பூவைப் பார்க்காமலே போவது அவளுக்குத் தாங்காது. "அவங்களுக்கும் பாவம், செடிக்கும் பாவம்" என்பாள். அப்படிப்பட்டவர்கள் கையில் ஜீனியாவைத் திணித்து அனுப்பிவிடுவாள்.

அக்கா அந்தப் பண்ணைக்கு வந்தது பத்தொன்பது வயதில். ஒரே வருஷத்தில் அப்பாவும் போய் அம்மாவும் போய், பட்ட காலிலே பட்டு, கையில் ஒன்பது வயதுத் தங்கச்சியோடு வந்து பையில் மண் நிரப்பும் வேலைக்குச் சேர்ந்தாள். தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டதும் பண்ணைக் கொட்டகைக்கு வந்துவிடும். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். அது முடிந்தால் செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும். உருண்டை உருண்டையான எழுத்து. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தது, ஆனால் சீட்டு எழுதுவதை மட்டும் விடவில்லை. அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஒருத்தியை நட்டு வளக்கவே எனக்கு நேரம் சரியாப் போச்சு" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் குறை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தங்கச்சி பிறகு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தது. லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடும். கல்யாணமும் ஆகி, பண்ணைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் குடியிருந்தது. அதன் வீட்டுக்காரர் பேச்சே வராத மனிதர். நான் பேசுவதையும் சேர்த்து இரண்டால் வகுத்தால் சரியாக இருக்கும்.

கோடை தொடங்குகிற சமயம் தங்கச்சிக்கு வயிற்றில் வலி வந்தது. வலி என்றுதான் போனார்கள். என் வண்டியில்தான் போனார்கள். நான் ஆஸ்பத்திரிக் கூடத்தில் தங்கச்சிக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ கதை அடித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அக்காவையும் வீட்டுக்காரரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கால்மணி நேரம் கழித்து வெளியே வந்த அக்கா, "ஒண்ணுமில்லடி, குடல்ல புண்ணு. மருந்து சாப்பிட்டா ஆறிடும்" என்றாள். பிறகு வண்டியில் டீசல் இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். டீசலைப் பற்றி அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. 

இந்தக் கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி, அவளிடமும் சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர்தான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டாம், தெரிந்தால் இருக்கிற நாளையும் அவள் அழுதே கழிப்பாள் என்று கெஞ்சியிருக்கிறார். அக்கா சரி என்றுவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. நானும் கூட நின்று சோறு அள்ளிப் போட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

பத்து நாள் போயிருக்கும். தங்கச்சி ஆள் அனுப்பியது. நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்க்க முடியவில்லை, சன்னலுக்குக் கீழே இருக்கிற துண்டு நிலத்தில் பூச்செடி வைக்க வேண்டும், அக்கா செடிப் படங்களோடு வரவேண்டும் என்று. நானும் கூடப் போனேன்.

கட்டிலைச் சன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். தங்கச்சி பாதியாகிப் போயிருந்தது. கண் மட்டும் பழைய கண். செடிப் படங்களைப் போர்வைமேல் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒதுக்கியது.

"வருஷா வருஷம் தானா வர்றதுதான் வேணும்க்கா. ஒவ்வொரு கோடைக்கும் உன்னை வந்து மண்ணைக் கிண்டச் சொல்ல முடியுமா? உனக்கும் முட்டி வலி."

"என் முட்டிக்கு என்னடி? உன்னைவிட நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. சொல்லி முடித்ததும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். தங்கச்சி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அது எடுத்தது எக்கினேசியா. நாங்கள் கூம்புப் பூ என்போம். நடுவில் பழுப்பாகக் கூம்பு எழும்பி நிற்க, ஊதா இதழ்கள் கீழே மடங்கித் தொங்கும். எந்த வெயிலுக்கும் வாடாது. பார்க்கச் சாதுவாக இருக்கும், வேர் மட்டும் முள்ளங்கி மாதிரி நேரே கீழே இறங்கிவிடும்.

"காலை வெயிலா, சாயங்கால வெயிலா?" என்று அக்கா கேட்டாள். வாய்ப் பழக்கம்.

"சாயங்காலம்."

"யாரு தண்ணி ஊத்துவா?"

"அவருதான். மறந்துட்டாருன்னா இங்க படுத்துக்கிட்டே கத்துவேன்."

அக்கா படங்களை அடுக்க ஆரம்பித்தாள். "சரி, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்துவிட்டாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

வண்டியில் ஏறியதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"நாத்து வச்சா அடுத்த வருஷம்தான் பூக்கும் ஹாரன். அவ எங்க பாக்கப் போறா?"

"அப்ப ஜீனியா வச்சுடுவோம்க்கா. கொட்டகையில மொட்டோடயே நிக்குது."

"ஜீனியா வச்சா அவளுக்குத் தெரிஞ்சுடாதா? யாருக்கு நான் ஜீனியா குடுப்பேன்னு ஒம்போது வயசுலேருந்து பாத்துட்டிருக்கா. அவ கேட்டதை விட்டுட்டு அதைக் கொண்டுபோய் சன்னலுக்குக் கீழ வச்சேன்னா, டாக்டர் சொன்னதை நானே வாயால சொன்ன மாதிரிதானே?"

நான் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினேன்.

இரண்டு நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. தெரிந்த பண்ணைகளுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தாள். பூத்த கூம்புப் பூ தொட்டியில் எங்கேயும் இல்லை, எல்லோரிடமும் இந்த வருஷத்து நாற்றுதான். மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது பண்ணை வாசலில் மண்வெட்டியோடு நின்றாள். வாசல் பாத்தியில் ஐந்து வருஷமாக நிற்கிற கூம்புப் பூ ஏழு தூர் இருந்தது. வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்தது, விற்பனைக்கு இல்லை. ஒவ்வொன்றிலும் மொட்டு கட்டியிருந்தது. முதலாளி, "எடுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பாத்திக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கும். 'மொட்டு விட்ட செடியை இடம் மாற்றாதீர்கள். பூவும் போகும், செடியும் போகும்.' அக்கா சொல்லச் சொல்ல, பன்னிரண்டு வயதில் தங்கச்சி எழுதியது. அந்தப் பலகையின் கீழேயே அக்கா தோண்டினாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று வேறு யாராக இருந்தாலும் நான் கிண்டல் பண்ணியிருப்பேன். இரண்டாவது தூரைத் தூக்கும்போது வேர் நறுக்கென்று ஒடிந்தது. அக்கா ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மூன்றாவது தூருக்கு நகர்ந்தாள்.

ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் வெயில் ஏறுவதற்குள் நட்டோம். தங்கச்சி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"இவ்வளவு பெரிய செடியா? மொட்டு வேற! எங்கக்கா பிடிச்ச?"

"நமக்கு இல்லாததா?" என்றாள் அக்கா. "இந்த வருஷமே பாக்கலாம்டி. பத்தே நாள்."

அன்று முழுக்கச் செடிகள் நிமிர்ந்துதான் நின்றன. மூன்றாம் நாள் இலை சுருண்டது. அக்கா காலையில் ஒருமுறை, வேலை முடிந்து ஒருமுறை ஓடினாள். நிழல் வலை கட்டினாள். வீட்டுக்காரர் தன் பங்குக்கு வாளி வாளியாக ஊற்றி மண்ணைச் சேறாக்கி வைத்தார். நான்காம் நாள் உரம் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். தங்கச்சி சன்னலிலிருந்து, "அண்ணே, இந்தச் செடி எங்கேருந்துண்ணே வந்துச்சு?" என்று கேட்டது. தவளை தன் வாயால் கெடும்.

"நம்ம வாசல் பாத்தியிலேருந்துதாம்மா! உனக்காக அக்கா தன் கையாலயே தோண்டினாங்க" என்றேன், பெருமையாக.

தங்கச்சி தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டது. தூக்கம் என்று நினைத்து வந்துவிட்டேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் அக்கா செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தண்டுகள் எல்லாம் கழுத்து ஒடிந்தது போலத் தொங்கின. நான் வலையின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாசற்படியில் வாளியோடு நின்றார். சன்னலில் தங்கச்சி எழுந்து உட்கார்ந்திருந்தது.

"அக்கா, மொட்டு விட்ட செடியை இடம் மாத்தினா என்ன ஆகும்?"

"இது கெட்டிச் செடிடி. தாங்கும்."

"பலகையில எழுதினவளே நான்தான்க்கா. என்கிட்டயேவா?"

அக்கா தெளிப்பதை நிறுத்தவில்லை.

"நீ இந்தத் தப்பைப் பண்ற ஆளே இல்ல. ஏன் பண்ணினன்னு ரெண்டு நாளா யோசிச்சுப் பாத்தேன். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு என்கிட்ட ரெண்டு கேள்விதான் கேட்ட."

"மறந்திருப்பேன்."

"ஊசி போட வந்த நர்ஸு ஒரு ரோஜாக் கன்னு கேட்டதுக்கு, அவங்களை நிக்க வச்சு மூணும் கேட்டியே. என்கிட்ட மறந்துட்டியா?"

அக்கா கையிலிருந்த தெளிப்பான் மண்ணில் விழுந்தது.

"இப்பக் கேளு."

"வேணாம்டி."

"கேளுக்கா. எல்லாரும் வெளிய நின்னு குசுகுசுன்னு பேசறீங்க. நான் கண்ணைத் தொறந்தா வாயை மூடிக்கறீங்க. ஒருத்தராவது என்னைக் கேளுங்களேன்."

அக்கா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் சேறு. எத்தனையோ ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி, வாய்க்குள் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"அடுத்த வருஷமும்... இதே வீட்டுலதான் இருப்பியாடி?"

"இருக்க மாட்டேன்க்கா" என்றது தங்கச்சி.

வீட்டுக்காரர் வாளியை வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். அந்த மனிதர் குரல் விட்டு அழுததை அன்றுதான் கேட்டேன். அக்கா கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். தங்கச்சி கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. கட்டி முடித்த முடிச்சையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கச்சிதான் பேசியது. "அழுதது போதும். கத்தரியை எடு. மொட்டு எல்லாத்தையும் வெட்டிடு. தண்டையும் பாதிக்கு வெட்டு. அப்பத்தான் வேருக்கு உசுரு தங்கும். நீதானே சொல்லுவ?"

"ஒரே ஒரு பூவாவது பாருடி. உனக்காகத்தானே இவ்வளவும்..."

"நான் பாக்கணும்னு விட்டா செடி செத்துடும். வெட்டுக்கா."

அக்கா வெட்டினாள். ஏழு தூரிலும் ஒரு மொட்டு விடாமல் வெட்டினாள். தங்கச்சி ஒரு மொட்டை மட்டும் கேட்டு வாங்கி, தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் வெட்டிய கூம்புப் பூ மொட்டு தண்ணீரில் விரியாது. அது அக்காவுக்கும் தங்கச்சிக்கும் எனக்கும் தெரியும். விரியவில்லை.

மறுநாள் தங்கச்சி கேட்டபடி கொட்டகையில் இருந்த ஜீனியா இருபது தொட்டியை ஏற்றிப் போனேன். வெட்டிய தூர்களுக்கு முன்னால் வரிசையாக நட்டோம். நான்கே நாளில் சிவப்பும் மஞ்சளுமாகத் திறந்துகொண்டன. தங்கச்சி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே வச்சிருக்கலாம்ல? ரெண்டு வாரம் வீணாப் போச்சே" என்றது. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்கா அங்கேயே தங்கிவிட்டாள். ஏழு வாரம். அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே பேச்சுக் குரல் கேட்கும். சில நாள் சிரிப்பும் கேட்கும். ஜீனியா பூத்துக்கொண்டிருக்கும்போதே தங்கச்சி போய்விட்டது. காலை பத்து மணி, நல்ல வெளிச்சம். அக்காவின் மடியில் அதன் கை இருந்தது.

ஐந்தாம் நாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டாள். மண் கலந்தாள், நாற்றுப் பிரித்தாள், வாசல் பாத்தியில் இருந்த ஏழு குழியையும் தானே மூடினாள். பலகையை மட்டும் கழற்றவில்லை.

அடுத்த கோடையில் ஒருநாள் வீட்டுக்காரர் போன் செய்தார். அவருக்குப் பேச்சு வராது என்றேனே, "அண்ணி, வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் அழைத்துப் போனேன். ஏழு தூரில் மூன்று வரவில்லை. நான்கு வந்திருந்தன. இடுப்பளவு உயரம், எண்ண முடியாத அளவு பூ.

அக்கா பாத்தியின் பக்கம் போகவில்லை. நேரே வீட்டுக்குள் போனாள். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அது கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்தாள். தரையிலிருந்து பார்த்தால் வானம்தான் தெரிந்தது. கட்டில் உயரம் வேண்டும். வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார். அதில் ஏறி உட்கார்ந்ததும் நான்கு தூரும் அப்படியே தெரிந்தன, சன்னலுக்கு அளவெடுத்து நட்ட மாதிரி. "பாத்தியாடி, பாத்தியாடி" என்று அக்கா கதறினாள்.

மறுநாள் பண்ணைக்கு ஒரு பெண் வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள், கண்ணுக்கு மேலே புருவம் இல்லை. வருஷா வருஷம் தானாக வருகிற பூ எது என்று கேட்டாள். அக்கா அவளைக் கூம்புப் பூ நாற்றுகளிடம் அழைத்துப் போனாள். எந்தப் பக்கத்து வெயில் என்று கேட்டாள், பதில் வந்தது. யாரு தண்ணி ஊத்துவா என்று கேட்டாள், என் பொண்ணு என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அக்கா ஒன்றும் கேட்காமல் நாற்றுகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள். கூடவே ஜீனியாவும் எட்டுத் தொட்டி எடுத்து வைத்தாள்.

"இது நான் கேக்கலையே?" என்றாள் அந்தப் பெண்.

"தெரியும்மா. இது இந்த வருஷத்துக்கு. அது வீட்டுக்கு. ரெண்டையும் ஒண்ணா வைங்க."

அந்தப் பெண் அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். நான் தட்டுகளை வண்டியில் ஏற்றினேன்.